யாரைக் கேட்டார்கள், எங்கே கேட்டார்கள்

1992 அக்டோபர் 26, திங்கட்கிழமை. லண்டன் ஆம்புலன்ஸ் சேவை அன்று புதிய கணினி முறைக்கு முழுமையாக மாறியது. அதுவரை அவசர அழைப்பை எடுப்பவர் விவரத்தைத் தாளில் குறிப்பார். தாள் கன்வேயர் பெல்ட்டில் நகர்ந்து அடுத்த மேசைக்குப் போகும். எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று மனதில் வைத்திருக்கும் ஒருவர் அதைப் பார்த்து வண்டியை அனுப்புவார். நாளொன்றுக்கு 2,000 முதல் 2,500 அழைப்புகள் வரும் இடம் அது. இனித் தாள் வேண்டாம், வண்டியைத் தேர்ந்தெடுப்பதையும் கணினியே செய்யட்டும் என்பதுதான் திட்டம். அன்றும் மறுநாளும் ஒரே வீட்டுக்கு இரண்டு வண்டிகள் போய் நின்றன. பக்கத்துத் தெருவில் வண்டி இருக்க, தொலைவில் இருந்த வண்டிக்கு ஆணை போனது. எச்சரிக்கைச் செய்திகள் மேலும் மேலும் வந்து குவிய, முன்னால் வந்தவை திரையை விட்டே நகர்ந்து மறைந்தன. வண்டி வராததால் மக்கள் திரும்பத் திரும்ப அழைத்தார்கள். அந்த அழைப்புகளும் சுமையில் சேர்ந்தன. 27-ஆம் தேதி பிற்பகலில் பாதி அளவுக்குப் பழைய முறைக்கே திரும்பினார்கள். தலைமை நிர்வாகி பதவி விலகினார். நவம்பர் 4 அதிகாலையில் கணினி அடியோடு நின்றுபோனது.

1993 பிப்ரவரியில் விசாரணை அறிக்கை வந்தது. நவம்பரில் கணினி நின்றதற்குக் காரணம், நினைவகத்தை விடுவிக்காமல் விட்ட சிறிய நிரல் துண்டு. அது திருத்தக்கூடிய தவறு. அக்டோபர் குழப்பத்தின் வேர் ஆழமானது. கணினி என்ன செய்ய வேண்டும் என்று விவரிக்கும் ஆவணம் 1991-இன் தொடக்கத்திலேயே எழுதி முடிக்கப்பட்டிருந்தது. வண்டியில் போகும் ஊழியர்களுக்கு அதில் மிகக் குறைந்த பங்கே இருந்தது. ஒதுக்கிய வண்டியை விட்டு வேறொன்றை எடுத்துச் செல்வது அவர்கள் வழக்கம். ரேடியோ எட்டாத இடங்கள் நகரில் இருந்தன. உயிருக்குப் போராடும் ஒருவரைத் தூக்கிச் செல்லும்போது பொத்தான்களை ஆவணம் சொல்லும் வரிசையில் அழுத்த முடியாது. கணினியோ ஒவ்வொரு வண்டியின் இருப்பிடமும் நிலையும் ஏறத்தாழத் துல்லியமாகத் தனக்குத் தெரியும் என்ற எதிர்பார்ப்பின் மேல் கட்டப்பட்டிருந்தது. அந்த எதிர்பார்ப்பு தவறு என்பது வண்டியோட்டும் எவருக்கும் தெரிந்த செய்தி. அதை ஆவணம் எழுதும் மேசைக்குக் கொண்டுவர வழி இருக்கவில்லை.

ஒரு திட்டத்தைத் தொடங்கும் முன் சம்பந்தப்பட்டவர்களிடம் தேவைகளைக் கேட்டறியும் வேலைக்கு இன்று பெரிய நூல்குவியலே இருக்கிறது. அதற்கென மாநாடுகள், சான்றிதழ்கள், பிசினஸ் அனலிஸ்ட் என்ற தனிப் பதவி எல்லாம் உண்டு. நேர்காணல், வினாப்பட்டியல், பட்டறை, மாதிரி வடிவம் என்று உத்திகளின் வரிசையும் நீளம். அரை நூற்றாண்டு அனுபவத்தையும் ஆய்வுகளையும் சேர்த்து வைத்துப் பார்க்கும்போது எனக்குப் படுவது இது: எப்படிக் கேட்பது என்பதைப் பற்றி நாம் நிறையத் தெரிந்து வைத்திருக்கிறோம். யாரைக் கேட்பது, அவர் சொன்னால் திட்டம் மாறுமா என்ற இரண்டு கேள்விகளில்தான் திட்டங்களின் வாழ்வும் சாவும் இருக்கின்றன. அந்த இரண்டையும் பெரும்பாலும் உத்திகளைப் பற்றிய பேச்சு மூடிவிடுகிறது.

முதலில் எண்களைப் பற்றி. இந்தத் துறையில் ஓயாமல் மேற்கோள் காட்டப்படுவது அமெரிக்காவின் ஸ்டாண்டிஷ் குழு 1994-இல் வெளியிட்ட அறிக்கை. மென்பொருள் திட்டங்களில் 31.1 விழுக்காடு பாதியில் கைவிடப்பட்டன, சொன்ன நேரத்தில் சொன்ன செலவில் முடிந்தவை 16.2 விழுக்காடுதான் என்றது அது. வெற்றிக்கான காரணங்களில் பயனாளர் பங்கேற்புக்கு முதலிடம் தந்தது. நார்வேயின் மேக்னே யோர்கென்சென் போன்ற ஆய்வாளர்கள் அந்த எண்கள் எப்படித் திரட்டப்பட்டன என்று பிற்பாடு கேள்வி எழுப்பினார்கள். நிறைவான விளக்கம் கிடைக்கவில்லை. தேவைக் கட்டத்தில் ஒரு ரூபாயில் திருத்தக்கூடிய பிழை பயன்பாட்டுக்கு வந்தபின் நூறு ரூபாய் ஆகும் என்ற கணக்கும் அப்படியே. பாரி போம் 1981-இல் எழுதிய நூலிலிருந்து அது புகழ் பெற்றது. அதன் மூலத் தரவுகளைத் தேடிப்போன லோரான் பொசாவி, நூலுக்கு நூல் எடுத்தாளப்பட்டே அந்த எண் உறுதியானது போன்ற தோற்றம் பெற்றது என்று காட்டினார். தாமதமாகக் கண்டுபிடிக்கும் பிழை அதிகம் வலிக்கும் என்பதை லண்டன் போன்ற நிகழ்வுகளே நிறுவுகின்றன. அதற்குக் கச்சிதமான பெருக்கல் எண் தேவையில்லை.

இவற்றைவிட நம்பத்தக்க ஆய்வு ஒன்று, டேனியல் மெண்டெஸும் ஸ்டெஃபான் வாக்னரும் முன்னின்று நடத்திய பன்னாட்டு ஆய்வு. 10 நாடுகளின் 228 நிறுவனங்கள் அதில் பதிலளித்தன. தேவைகள் அரைகுறையாக அல்லது மறைந்து கிடப்பது, வாடிக்கையாளருடன் பேச்சு சரியாக நடக்காமல் போவது ஆகிய இரண்டும் அங்கே முன்வரிசைச் சிக்கல்களாக நின்றன. சிறு நிறுவனம், பெரு நிறுவனம் எதுவும் இதற்கு விலக்கில்லை.

அப்படியானால் நல்ல உத்தி எது? 2006-இல் ஆலன் டேவிஸும் உடன் பணிசெய்தவர்களும் அதுவரை வந்த சோதனை ஆய்வுகளையெல்லாம் ஒன்றுதிரட்டிப் பார்த்தார்கள். கேள்விகளை முன்கூட்டியே ஒழுங்குபடுத்திக்கொண்டு நடத்தும் நேர்காணல்தான் அதிகத் தகவல் தந்தது. அட்டைகளை வகைபிரிக்கச் சொல்வது, வரிசைப்படுத்தச் சொல்வது, வேலை செய்தபடியே மனதில் ஓடுவதைச் சொல்லச் சொல்வது போன்ற பாராட்டுப் பெற்ற உத்திகள் அதற்குப் பின்தங்கின. கேட்பவரின் அனுபவ ஆண்டுகள் பெரிய வேறுபாட்டை உண்டாக்கவில்லை என்பது இன்னொரு முடிவு. இருபது ஆண்டுச் சேவை, கோப்பு நிறையச் சான்றிதழ் என்பதையெல்லாம் நம்பி ஆள் எடுக்கும் நிறுவனங்கள் இந்த முடிவை நிதானமாகப் படிக்க வேண்டும்.

ஆனால் நேர்காணலுக்கு எல்லை உண்டு. ஜோசப் கோகனும் சார்லட் லிண்டேயும் 1993-இல் எழுதிய கட்டுரை அதைத் தெளிவாகச் சொன்னது. கேட்பவரும் சொல்பவரும் ஒரே சொல்லை ஒரே பொருளில் புரிந்துகொள்கிறார்கள் என்று வினாப்பட்டியல் நம்பிவிடுகிறது. தான் செய்யும் வேலையை ஒருவரால் வாயால் விவரித்துவிட முடியும் என்று நேர்காணல் நம்பிவிடுகிறது. சொல்லில் அடங்காத அறிவைப் பற்றி மைக்கேல் பொலான்யி 1966-இலேயே நூல் எழுதிவிட்டார். இட்லி மாவு பதம் வந்ததை விரலால் அறிபவரிடம் அளவு கேட்டால் அவர் ஏதோ ஓர் அளவைச் சொல்லுவார். பதம் அந்த அளவில் இருக்காது. அலுவலக வேலையும் இப்படித்தான். விதிப்புத்தகத்தில் இருக்கும் வேலையைச் சொல்லுவார்கள். உண்மையில் நடக்கும் வேலை கைப்பழக்கத்திலும், பக்கத்து மேசைக்காரரிடம் எட்டிக் கேட்பதிலும், ஓரத்தில் பென்சிலால் போட்ட குறியிலும் இருக்கும்.

இதற்கு நான் அறிந்தவற்றில் மிகச் சிறந்த சான்று லண்டனுக்கு அருகே வெஸ்ட் டிரேட்டனில் இருந்த வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மையத்தில் கிடைத்தது. லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தின் சமூகவியலாளர்களும் இயன் சோமர்வில் முதலிய மென்பொருள் ஆய்வாளர்களும் சேர்ந்து நடத்திய கள ஆய்வு அது. கட்டுப்பாட்டாளர் முன்னால் ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு காகிதப் பட்டை சட்டத்தில் அடுக்கியிருக்கும். புதுப் பட்டை வரும்போதெல்லாம் கையால் உரிய இடத்தில் செருக வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது வீண்வேலை. கணினி ஒரு நொடியில் வரிசைப்படுத்திவிடும். முதலில் அப்படித்தான் எண்ணினார்கள். சமூகவியலாளர்கள் நெடுநாள் அருகில் உட்கார்ந்து பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. பட்டையைச் செருகும் அந்தக் கணத்தில்தான் கட்டுப்பாட்டாளர் மேலும் கீழும் உள்ள பட்டைகளைப் பார்க்கிறார். இரண்டு விமானங்கள் ஒரே உயரத்தில் நெருங்கி வருமா என்ற கவனம் அப்போதுதான் பிறக்கிறது. பக்கத்தில் இருப்பவரும் சற்றுத் திரும்பினாலே நிலவரத்தைப் புரிந்துகொள்கிறார். கையால் செருகுவதை நீக்கினால் கவனத்தையும் சேர்த்து நீக்கியதாக ஆகும். எந்தக் கட்டுப்பாட்டாளரிடமும் இதை நேர்காணலில் கேட்டு வாங்கியிருக்க முடியாது. கையால் செருகுவது தனக்குத் தேவை என்று யாரும் பட்டியலில் எழுதித் தர மாட்டார்கள்.

அங்கே உட்கார்ந்து பார்ப்பது மெதுவான வழி, செலவும் ஆகும். எல்லாத் திட்டத்திலும் மாதக்கணக்கில் உட்கார முடியாது. ஆனால் ஒரு நாள்கூட உட்காராமல் கூட்ட அறையிலேயே முடித்துவிடும் திட்டங்கள்தான் அதிகம் என்பதால், எவ்வளவு காலம் என்ற வாதம் பின்னால் வர வேண்டிய வாதம்.

சொல்லாமல் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மிக இயல்பானதை யாரும் சொல்வதில்லை. ஜப்பானின் நொரியாக்கி கானோ 1984-இல் தேவைகளை வகைப்படுத்தியபோது இதைச் சுட்டினார். இருந்தால் யாரும் பாராட்டாத, இல்லாவிட்டால் எல்லாரும் கொதித்துப்போகும் அடிப்படைகள் ஒரு வகை. வாடிக்கையாளர் வாயிலிருந்து வருவது பெரும்பாலும் அடுத்த வகை, அதாவது இன்னும் வேகமாக, இன்னும் மலிவாக என்பது. அடிப்படைகள் அவர் நாக்குக்கு வருவதே இல்லை, ஏனென்றால் அவை இல்லாத உலகம் அவர் கற்பனையில் இல்லை.

வாயால் சொல்லப்பட்டதையும் எழுதப்பட்டதையும் அப்படியே நிறைவேற்றினாலும் போதாது என்பதற்கு 1993 செப்டம்பர் 14 அன்று வார்சாவில் நடந்த விபத்து சான்று. லுஃப்தான்சாவின் ஏ320 விமானம் மழையில் நனைந்த ஓடுபாதையில் இறங்கியது. விமானம் தரையில் இருந்தால் மட்டுமே எந்திரங்கள் எதிர்விசை தர வேண்டும் என்பது தேவை. நடுவானில் அது இயங்கிவிட்டால் பேராபத்து. தரையில் இருப்பதை அறிய, இரு பக்கச் சக்கரத் தாங்கிகளும் எடையால் அமுங்கியிருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். பக்கவாட்டுக் காற்றுக்கு ஈடுகொடுத்து ஒரு பக்கம் சாய்ந்து இறங்கிய அந்த விமானம் மறு பக்கமும் அழுந்தப் பதிய ஒன்பது நொடி ஆனது. அதுவரை எதிர்விசை வரவில்லை. விமானம் பாதை முடிவைத் தாண்டி மேட்டில் மோதித் தீப்பிடித்தது. இரண்டு பேர் இறந்தார்கள். காற்றின் வேகம், இறங்கிய வேகம் என்று வேறு காரணங்களும் சேர்ந்த விபத்து அது. கணினி மட்டும் தனக்கு இட்ட கட்டளையை வழுவாமல் செய்திருந்தது. ஆங்கிலேயக் கணினியியலாளர் மைக்கேல் ஜாக்சன் வற்புறுத்தும் வேறுபாடு இங்கே உதவுகிறது: உலகத்தில் நமக்கு நடக்க வேண்டியது ஒன்று, எந்திரம் செய்யப்போவது ஒன்று, இரண்டையும் இணைப்பதாக நாம் உலகத்தைப் பற்றி நம்பும் செய்தி மூன்றாவது. இந்த மூன்றாவதை எழுதிவைத்து, களத்தில் இருப்பவரிடம் காட்டி, இது எப்போதெல்லாம் பொய்யாகும் என்று கேட்பதற்கு ஈடான கேள்வி இந்தத் துறையில் இல்லை.

இனி யாரைக் கேட்பது என்பதற்கு வருகிறேன். எட்வர்ட் ஃப்ரீமன் 1984-இல் எழுதிய நிர்வாகவியல் நூல், பங்கு முதலீட்டாளரோடு நின்றுவிடாமல் நிறுவனத்தால் பாதிக்கப்படும் அனைவரையும் கணக்கில் எடுக்கச் சொன்னது. 1997-இல் மிட்செல், ஆகிள், வுட் என்ற மூவர் அதைச் சுருக்கி ஓர் அளவுகோல் தந்தார்கள்: அதிகாரம், நியாயமான உரிமை, அவசரம். மூன்றும் உள்ளவருக்கு முன்னுரிமை. மேலாளர்கள் யாருக்குச் செவிசாய்க்கிறார்கள் என்பதை விளக்க அது நல்ல அளவுகோல். யாருக்குச் செவிசாய்க்க வேண்டும் என்பதற்கு அதையே பயன்படுத்தத் தொடங்கியதும் கோணல் வந்துவிட்டது. அதிகாரமும் ஆர்வமும் என்று இரண்டு கோடு போட்டுக் கட்டம் கட்டி, அதிகாரம் குறைந்தவர்களுக்குத் தகவல் மட்டும் சொன்னால் போதும் என்று பயிற்சி வகுப்புகளில் கற்பிக்கிறார்கள். லண்டனின் ஆம்புலன்ஸ் ஊழியர் அந்தக் கட்டத்தில்தான் விழுந்திருப்பார்.

நம் ஊரிலேயே இதைக் கண்முன் பார்த்தோம். நூறு நாள் வேலையில் வருகைப் பதிவுக்கென ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகம் 2021 மே மாதம் ஒரு கைப்பேசிச் செயலியை அறிமுகப்படுத்தியது. 2023 ஜனவரி 1 முதல் எல்லாப் பணித்தளங்களுக்கும் அது கட்டாயமானது. காலையில் ஒரு படம், பிற்பகலில் ஒரு படம், இரண்டிலும் இடக்குறியீடு இருக்க வேண்டியிருந்தது. போலி வருகையைத் தடுப்பது நோக்கம்; அந்த நோக்கத்தில் தவறில்லை, போலிப் பதிவுகள் உண்மையான தொழிலாளியின் பணத்தைத்தான் தின்றன. ஆனால் பணித்தளப் பொறுப்பாளராக நிற்கும் பெண்ணிடம் ஸ்மார்ட்போன் இருக்கிறதா, ஏரிக்கரையில் சிக்னல் எட்டுமா, டேட்டா செலவு யாருடையது என்பவை அந்தச் செயலி தயாரான மேசையில் எடை பெற்றதாகத் தெரியவில்லை. இதைவிட ஆழமான முரண் ஒன்று இருந்தது. அந்த வேலைக்குக் கூலி பெரும்பாலும் செய்து முடித்த வேலையின் அளவைப் பொறுத்தது. வெயில் ஏறும் முன் அதிகாலையிலேயே வெட்ட வேண்டிய மண்ணை வெட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சமையலையும் ஆடு மாட்டையும் பார்ப்பது தொழிலாளரின் வழக்கம். இரண்டாவது படத்துக்காக வேலை முடிந்தபின்னும் காத்திருக்கவோ திரும்ப வரவோ வேண்டியதாயிற்று. தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு வந்தவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கும் மேல் பெண்கள். படம் ஏறவில்லை என்றால் அந்த நாளின் கூலி கேள்விக்குறி.

2023 பிப்ரவரியில் பல மாநிலத் தொழிலாளர்கள் டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்து போராடினார்கள். 2025 ஜூலையில் அமைச்சகமே மாநிலங்களுக்கு எழுதிய சுற்றறிக்கையில், தொடர்பில்லாத படங்கள் ஏற்றப்படுவதையும், ஏற்கெனவே எடுத்த படத்தையே மறுபடி படம் எடுத்து ஏற்றுவதையும் முறைகேடுகளாகப் பட்டியலிட்டது. உழைக்கிறவருக்குக் காத்திருப்பைக் கொடுத்துவிட்டு, ஏமாற்ற நினைப்பவருக்குப் படத்தைப் படம் எடுக்கும் வழியைத் திறந்துவிட்டது அந்த ஏற்பாடு. நான்கு பணித்தளங்களில் பொறுப்பாளர்களோடு சில காலைகள் கழித்திருந்தால், சிக்னல் குறையும் காத்திருக்கும் நேரமும் செயலி வெளிவரும் முன்பே தெரிந்திருக்கும்.

சென்னையில் மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இந்தத் தொலைவு வேறு உருவில் தெரியும். பழைய மாமல்லபுரம் சாலையில் உட்கார்ந்து நிரல் எழுதும் இளைஞருக்கும், அமெரிக்காவில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் அதைப் பயன்படுத்தப்போகும் எழுத்தருக்கும் நடுவில் எத்தனை பேர் நிற்கிறார்கள்? எழுத்தரின் மேலாளர், அந்த நிறுவனத்தின் தொழில்நுட்பப் பிரிவு, ஆன்சைட்டில் இருக்கும் ஒருங்கிணைப்பாளர், இங்கே டீம் லீட். இரவு நேர கிளையன்ட் காலில் பேசுவது எழுத்தர் அல்ல, அவருக்குப் பதிலாகப் பேசுபவர். தேவை ஆவணத்தில் கையெழுத்து வாங்கியபின் எழும் ஒவ்வொரு புது அறிவும் சேஞ்ச் ரிக்வெஸ்ட் என்ற பெயரில் விலைபேசும் பொருளாகிறது. எனவே கேள்வி கேட்பது தாமதமாக, தாமதம் செலவாக, எல்லாரும் வாய் மூடி எழுதியிருப்பதைச் செய்கிறார்கள். இந்த அமைப்புக்குள்ளும் எழுத்தரிடம் அரை மணி நேரம் பேச அனுமதி கேட்டு வாங்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பாராட்டும் ஏற்பாடு எந்த நிறுவனத்தின் மதிப்பீட்டுப் படிவத்திலும் இருக்க வேண்டும்.

எவ்வளவு எழுதி வைப்பது என்பதில் பெரிய சண்டையே நடந்திருக்கிறது. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ., புலனாய்வுக் கோப்புகளைக் கணினிக்கு மாற்ற 2001-இல் தொடங்கிய திட்டத்தின் தேவை ஆவணம் 800 பக்கங்களைத் தாண்டியது. செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அமைப்பின் வேலையே மாறிப்போனதால் தேவைகள் மாறிக்கொண்டே இருந்தன. 2005-இல் கைவிடும்போது செலவு 17 கோடி டாலர். அதன் இடத்தில் வந்த சென்டினல் திட்டமும் 2006-இல் வெளி நிறுவனம் ஒன்றிடம் கொடுக்கப்பட்டுத் தடுமாறியது. 2010-இல் எஃப்.பி.ஐ. அதைத் தன் கையில் எடுத்துக்கொண்டு, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை செய்துமுடித்ததைக் காட்டித் திருத்தும் சிறு குழுவாக வேலை செய்து, 2012 ஜூலையில் எல்லாருக்கும் கொடுத்தது. 2001-இல் அமெரிக்காவின் ஸ்னோபேர்டில் கூடிய 17 பேர் வெளியிட்ட அஜைல் அறிக்கையின் ஆதரவாளர்கள் இதைத் தங்கள் வெற்றியாகச் சொல்வார்கள். எனக்கு அதில் பாதி உடன்பாடுதான். காட்டிக் காட்டித் திருத்துவது நல்ல வழி. ஆனால் யாரிடம் காட்டுவது? அஜைல் முறையில் பயனாளருக்குப் பதிலாக ப்ராடக்ட் ஓனர் என்று ஒருவர் உட்காருவார். அவர் களத்தை அறிந்தவராக இருந்தால் நலம். இல்லையென்றால் பழைய 800 பக்கத்தின் இடத்தை ஒரு மனிதர் நிரப்புகிறார், அவ்வளவே.

மக்களைக் கேட்காமலிருக்க ஒரு சாக்கு உலவுகிறது. மக்களிடம் கேட்டிருந்தால் வேகமான குதிரை வேண்டும் என்றிருப்பார்கள் என ஹென்றி ஃபோர்டு சொன்னதாகச் சொல்வார்கள். அவர் அப்படிச் சொன்னதற்கு ஆதாரம் எதுவும் கிடைத்ததில்லை. சொல்லியிருந்தாலும், வேகமான குதிரை என்ற பதிலில் இன்னும் விரைவாகப் போய்ச் சேர வேண்டும் என்ற தேவை தெளிவாகவே இருக்கிறது. கேட்பவருக்கு அதைப் பிரித்தெடுக்கத் தெரிய வேண்டும்.

மக்களிடம் கேட்டால் புதுமை வராது என்பதைப் பொய்யாக்கியவை ஸ்காண்டிநேவிய முயற்சிகள். சிமுலா என்ற நிரல்மொழியை உருவாக்கியவர்களில் ஒருவரான கிறிஸ்டன் நிகார்ட், 1970-களின் தொடக்கத்தில் நார்வேயின் இரும்பு உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு சேர்ந்து வேலை செய்தார். நிர்வாகத்தின் கணினி நிபுணருக்கு ஈடாகப் பேசும் அறிவைத் தொழிலாளருக்குக் கொடுப்பது அதன் நோக்கம். 1977-இல் வந்த நார்வேயின் பணிச்சூழல் சட்டம் அந்தத் திசையில் போய், வேலையிடக் கணினி அமைப்புகளில் தொழிலாளருக்குப் பங்கு தந்தது. 1981 முதல் 1985 வரை நடந்த உட்டோப்பியா திட்டத்தில் நார்டிக் நாடுகளின் அச்சுத் தொழிலாளர் சங்கமும் பெல்லே என் (Pelle Ehn) முதலிய ஆய்வாளர்களும் செய்தித்தாள் பக்கம் அமைக்கும் கணினிக் கருவிகளை வடிவமைத்தார்கள். விலையுயர்ந்த எந்திரத்துக்கு முன்னால் மரத்தாலும் தாளாலும் மாதிரி செய்தார்கள். வெறும் அட்டைப்பெட்டியில் லேசர் அச்சுப்பொறி என்று எழுதி மேசையில் வைத்துவிட்டு, அது இருந்தால் எப்படி வேலை செய்வோம் என்று அச்சுத் தொழிலாளர்கள் நடித்துக் காட்டினார்கள். அட்டைப்பெட்டியை யாரும் தயங்காமல் நகர்த்தலாம், கத்தரிக்கலாம், தூக்கி எறியலாம். முடிந்துபோனதுபோல மின்னும் திரையைக் காட்டினால் எழுத்தின் நிறத்தைப் பற்றித்தான் கருத்து வரும். அட்டையைக் காட்டினால் வேலையைப் பற்றிப் பேச்சு வரும்.

லண்டன் ஆம்புலன்ஸ் சேவையும் இதைக் கற்றுக்கொண்டது. 1996-இல் அங்கே வெற்றிகரமாக இயங்கத் தொடங்கிய முறை, உள்ளேயே கட்டப்பட்டது. கட்டுப்பாட்டு அறை ஊழியர்களோடு மாதிரி வடிவங்களை வைத்துப் பேசி, எளிய பகுதியில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கொண்டுவந்தார்கள். கணினிக்கு முன் ஊழியரின் நம்பிக்கையை மீட்பதற்கு நேரம் ஒதுக்கினார்கள். அதே நகரம், அதே வேலை, அதே சங்கங்கள். முதல் தோல்வியை ஊழியரின் எதிர்ப்பு மனப்பான்மை மேல் போடுவதற்கு இனி வழியில்லை.

பெரிய பொதுத் திட்டங்களில் அதிகாரத்தின் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவை 2002-இல் தொடங்கிய கணினித் திட்டத்தின் மதிப்பீடு 1,200 கோடி பவுண்டைத் தாண்டியது. ஒப்பந்தங்கள் மின்னல் வேகத்தில் கையெழுத்தாயின. மருத்துவர்களையும் செவிலியரையும் முன்கூட்டியே ஈடுபடுத்தவில்லை என்பது பிற்பாடு திரும்பத் திரும்ப எழுந்த குற்றச்சாட்டு. 2011-இல் திட்டத்தைக் கலைப்பதாக அரசு அறிவித்தது. டென்வர் விமான நிலையத்தில் தானியங்கிப் பெட்டி ஏற்றும் அமைப்பை நகர நிர்வாகம் முடிவு செய்தபின்தான் விமான நிறுவனங்கள் தங்கள் தேவைகளோடு உள்ளே வந்தன. நிலையம் 16 மாதம் தாமதமாக 1995 பிப்ரவரியில் திறந்தது. அந்த அமைப்பு 2005-இல் நிறுத்தப்பட்டது. விமான நிறுவனங்களுக்குக் குரல் இல்லாமல் இல்லை. குரல் எடுபடும் காலம் கடந்துவிட்டிருந்தது.

நம் அரசு ஒப்பந்தப்புள்ளிகளில் அந்தக் காலம் எப்போது கடக்கிறது என்று பாருங்கள். ஆலோசகர் ஒருவர் தேவை ஆவணம் எழுதுகிறார். துறை அதிகாரி ஒப்புதல் தருகிறார். விலைப்புள்ளி கொடுக்க வரும் நிறுவனங்களுக்காக ஒரு கூட்டம் நடக்கிறது. அவர்கள் கேட்கும் ஐயங்களுக்கு எழுத்தில் பதில் தரப்படுகிறது, ஆவணம்கூடத் திருத்தப்படுகிறது. அதைப் பயன்படுத்தப்போகும் கிராம நிர்வாக அலுவலருக்கோ, கூலிக்கு நிற்கும் பெண்ணுக்கோ அப்படி ஒரு கூட்டம் இல்லை. நூறு நாள் வேலைக்கு வழிவகுத்த 2005-ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டம் எந்தக் குளத்தை வெட்டுவது என்று சொல்லும் உரிமையைக் கிராம சபைக்குக் கொடுத்தது. செலவைத் தணிக்கை செய்யும் உரிமையையும் கொடுத்தது. வருகையை எந்த முறையில் பதிவது என்பது மட்டும் டெல்லியில் முடிவானது. கிராம சபைக்கு இது புரியாத தொழில்நுட்பம் என்று யாராவது சொன்னால், படத்தைப் படம் எடுக்கலாம் என்று கண்டுபிடித்தவர்கள் எந்தத் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தார்கள் என்று கேட்க வேண்டும்.

செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, அதற்குப் பெரிய சட்டத் திருத்தம்கூட வேண்டாம். பொதுப்பணத்தில் கட்டும் எந்தக் கணினி அமைப்பின் ஒப்பந்தப்புள்ளி ஆவணத்திலும் சில பக்கங்களைக் கட்டாயமாக்கலாம். எந்த ஊரில், எந்தப் பணியிடத்தில், யார் வேலை செய்வதை எத்தனை நாள் பார்த்தார்கள். மாதிரியை யாரிடம் காட்டினார்கள். அவர்கள் சொன்ன எதிர்ப்புகளில் எவற்றால் ஆவணம் மாறியது, எவை தள்ளப்பட்டன, தள்ளியவர் எந்தப் பதவியில் இருப்பவர், என்ன காரணம் எழுதினார் என்பவை அந்தப் பக்கங்களில் இருக்க வேண்டும். அந்தப் பக்கங்களைத் தமிழிலேயே எழுதி, கிராம சபையிலோ சங்கக் கூட்டத்திலோ வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கிய பிறகே நிறுவனத்துக்கு முதல் தவணைப் பணம் போக வேண்டும்.